நாகரேயமா: தோக்கியோவுக்கு 25 நிமிடம், அதன் பிறகு?

கரிச்சான்:

ஜப்பானில் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் நாகரேயமா என்று சொன்னால், ஜப்பானை நன்கு அறிந்தவர்கள்கூட ஒரு கணம் யோசிக்கிறார்கள். "2017இல் ஒரு ரயில் இருபது நொடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டார்களே, அந்த ஊர்" என்றால் உடனே முகம் மலர்ந்துவிடுகிறது. நவம்பர் 14 அன்று காலை 9 மணி 44 நிமிடம் 40 நொடிக்குப் புறப்பட வேண்டிய வண்டி, 44 நிமிடம் 20 நொடிக்கே புறப்பட்டது. நிலையத்தின் பெயர் மினாமி-நாகரேயமா. உலகமெங்கும் அது செய்தியானது. அந்த நிலையத்தைச் சுற்றி ஒரு நகரம் இருக்கிறது, அதற்கென்று ஒரு கதை இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சிபா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், 'எதோ' என்ற பெயருள்ள ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது நாகரேயமா. பரப்பு 35 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். தெற்கே மட்சுதோ, கிழக்கே கஷிவா, வடக்கே நோதா. ஆற்றைக் கடந்தால் சைதாமா மாகாணம். 1967இல் நகரத் தகுதி பெற்றது. 2005இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். நாடு முழுவதும் மக்கள்தொகை சுருங்கிக்கொண்டிருக்கும்போது, 2016 முதல் 2021 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, மக்கள்தொகை வளர்ச்சி விகிதத்தில் ஜப்பானிய நகரங்களிலேயே முதலிடம் இதற்குத்தான்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'பெட் டவுன்'. பகலெல்லாம் தோக்கியோவில் உழைத்துவிட்டு இரவில் தலை சாய்க்க மட்டும் வந்து சேரும் ஊர். தோக்கியோவைச் சுற்றி இப்படிப் பல நகரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ரயில் உண்டு, அடுக்குமாடி உண்டு, நிலையத்தின் வாசலிலேயே கடைவளாகம் உண்டு. பிறகு ஏன் இந்த ஊர்?

என் பதில் இதுதான். வேலைக்குப் போகும் பெற்றோருடைய நாளில் எந்த அரைமணி நேரம் உடைகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்த நகராட்சி இது. வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஒரு திசையில் ஓட வேண்டும்; விட்டுவிட்டு நிலையத்துக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும்; மாலையில் அதே ஓட்டம் தலைகீழாக. 2007இல் ஓதகா-நோ-மோரி நிலையத்தின் அருகிலும், அடுத்த ஆண்டு மினாமி-நாகரேயமாவிலும் பிள்ளைகளைக் காப்பகங்களுக்கு அனுப்பிவைக்கும் நிலையங்களைத் திறந்தார்கள். காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் ரயில் ஏறலாம். அங்கிருந்து பஸ்கள் அவரவர் காப்பகத்துக்கு அழைத்துப் போகும். மாலையில் அதே பஸ் திரும்பக் கொண்டுவரும். தொடங்கியபோது கட்டணம் நாளொன்றுக்கு 100 யென், மாதம் முழுவதற்கும் 2000 யென். கட்டணத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன், நம்ப முடியாமல்.

இதன் பின்னே இருந்தவர் 2003இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இசாகி யோஷிஹாரு. அரசியலுக்கு வருமுன் நகரத் திட்டமிடல் வல்லுநராக அமெரிக்காவிலும் பணியாற்றியவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள்தாம் நமக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே முடிவு செய்து, நகராட்சிக்குள்ளேயே சந்தைப்படுத்தலுக்கென்று ஒரு பிரிவு வைத்தார். 2010இல் தோக்கியோ ரயில் நிலையங்களில் பெரிய சுவரொட்டிகள் தோன்றின. "தாயாவதென்றால், நாகரேயமா நகரம்" என்பது அவற்றின் வாசகம். அந்த வாசகம் எனக்கு முழுக்கப் பிடித்தம் என்று சொல்ல மாட்டேன். தந்தை எங்கே என்ற கேள்வி எழத்தானே செய்யும்? ஆனால் வாசகத்தோடு நின்றுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010இல் பதினேழாக இருந்த அங்கீகாரம் பெற்ற காப்பகங்கள் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல் பெருகின.

இங்கே வசிப்பவர்கள், அருகில் வசிப்பவர்கள் எழுதுங்கள். நான் சொல்வது மிகை என்றால் அதையும் எழுதுங்கள்.

தண்டவாளம்:

கரிச்சான் அவர்களே, நல்ல தொடக்கம். ஆனால் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிவிட்டீர்கள். நான் சுகுபாவில் ஆய்வுப் பணியில் இருப்பவன். உங்கள் ஊரைக் கடந்து போகாமல் எனக்குத் தோக்கியோ இல்லை.

நாகரேயமாவை வளர்த்தது சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில். 2005 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கிய தடம். தோக்கியோவின் அகிஹபாரா நிலையத்திலிருந்து சுகுபா வரை 58.3 கிலோமீட்டர், அதிவேக வண்டியில் 45 நிமிடம், உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். வழியில் ஒரு லெவல் கிராசிங்கூடக் கிடையாது. அதற்கு முன்பு நாகரேயமாக்காரர்கள் தோபு நோதா தடத்தில் கஷிவாவுக்குப் போய், அங்கே ஜோபன் தடத்துக்கு மாறி, நெரிசலில் நசுங்கித் தோக்கியோ போனார்கள். ஜோபன் தடத்தின் சுமையைக் குறைக்கத்தான் இந்தப் புதிய தடமே திட்டமிடப்பட்டது.

அதைவிட முக்கியம் 1989இல் வந்த ஒரு சட்டம். பெருநகரப் பகுதிகளில் வீட்டுமனை உருவாக்கத்தையும் ரயில்பாதை அமைப்பதையும் ஒன்றாகச் செய்ய வழி வகுத்த சட்டம் அது. சாதாரணமாக என்ன நடக்கும்? ரயில் வரப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் நிலத்தின் விலை ஏறும். ரயிலுக்கு நிலம் வாங்கவே பணம் கரைந்துவிடும். இந்தச் சட்டத்தில், பொது அமைப்புகள் முன்கூட்டியே அங்கங்கே துண்டு துண்டாக நிலம் வாங்கி வைக்கும். பிறகு மனைகளை மறுசீரமைக்கும்போது அந்தத் துண்டுகளையெல்லாம் தடம் போகும் வரிசைக்கு நகர்த்திவிடுவார்கள். தனியார் நில உரிமையாளர்களும் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டுக்கொடுப்பார்கள். மிஞ்சிய நிலத்தின் மதிப்பு உயர்வதால் அவர்களுக்கும் இழப்பில்லை. நாகரேயமாவில் மட்டும் அறுநூறு ஹெக்டேருக்கு மேல் இப்படிச் சீரமைக்கப்பட்டது. நகரப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! அந்த அளவு காலி மனையும், அகிஹபாராவுக்கு 25 நிமிடமும் கிடைத்தால் எந்த ஊர்தான் வளராது?

உங்கள் ஊருக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. இபராகி மாகாணத்தில் ககியோகா என்ற இடத்தில் புவிகாந்த ஆய்வகம் இருக்கிறது. அதைச் சுற்றி நேர்மின்னோட்டத்தில் ரயில் ஓட்டினால் அதன் அளவீடுகள் குலைந்துவிடும். ஆகவே வழியில் உள்ள மோரியா நிலையம் வரை நேர்மின்னோட்டம், அதற்கு வடக்கே மாறுமின்னோட்டம். இரண்டிலும் ஓடும் பெட்டிகளுக்கு விலை அதிகம். அதனால் பல வண்டிகள் மோரியாவோடு திரும்பிவிடுகின்றன. சுகுபாவில் நாங்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாகரேயமாவுக்குக் கூடுதல் வண்டிகள் கிடைக்கின்றன. ஒரு காந்த ஆய்வகம் உங்கள் காலைப் பொழுதைத் தீர்மானிக்கிறது என்பதை உங்கள் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்?

மேயரைக் குறைத்துச் சொல்லவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் உலை வைத்தார்.

இருபிள்ளைத்தாய்:

தண்டவாளம் அண்ணா, உங்கள் தடத்தில் இருபது நிலையங்கள் இருக்கின்றனவே? அத்தனை ஊர்களுக்கும் அதே அடுப்புத்தான். உலை வைக்கத் தெரிந்ததுதான் வித்தியாசம்.

நான் அந்த அனுப்பி வைக்கும் நிலையத்தை மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியவள். மூத்தவன் நான்கு வயதில் இருந்தபோது எங்களுக்குக் கிடைத்த காப்பகம் வீட்டிலிருந்தும் நிலையத்திலிருந்தும் தொலைவில் இருந்தது. இந்த ஏற்பாட்டில் எல்லோரும் கவனிக்காத ஒரு நுட்பம் அதில்தான் இருக்கிறது. நிலையத்துக்கு அருகே உள்ள காப்பகங்கள் நிரம்பி வழியும், ஊரின் ஓரத்தில் உள்ளவற்றில் இடம் காலியாக இருக்கும். பஸ் ஓடத் தொடங்கியதும் ஊரின் எந்த மூலையில் உள்ள காப்பகமும் நிலையத்தின் பக்கத்துக் காப்பகம் ஆகிவிடுகிறது. பெற்றோரின் ஓட்டம் குறைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு, காலியாக இருந்த இடங்கள் நிரம்பியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

காலையில் மழைக்கோட்டும் கைப்பையுமாக அவனை ஒப்படைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினால் ஐந்தாவது நிமிடம் நடைமேடையில் இருப்பேன். முதல் வாரம் நான் ரயிலில் அழுதேன், அவன் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிக்கும் போட்டியில் அவன் என்னை மறந்தே போனான். ஆனால் காப்பகத்து ஆசிரியையின் முகத்தைப் பார்க்காமலேயே நாள்கள் ஓடுவது மனத்தை அறுத்தது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் தாமதமாக வர அனுமதி வாங்கி, நானே நடத்தி அழைத்துப் போனேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: பஸ் இருக்கிறது என்பதற்காக அந்த நடையை முழுவதுமாக விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சுவரொட்டியைப் பற்றிக் கரிச்சான் சொன்னது சரி. என் கணவரும் அதே நிலையத்தில்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தார், வாரத்தில் மூன்று நாள்.

வடகரை:

நாங்கள் தோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறோம். இந்தியக் கடைகள், தமிழ்க் குடும்பங்கள், எல்லாம் கைக்கெட்டும் தொலைவில். வீடு வாங்கலாம் என்று நாகரேயமாவைப் பார்த்து வருகிறோம். காடு சூழ்ந்த நகரம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மையில் காடு இருக்கிறதா?

இலைச்சருகு:

இருக்கிறது. இருந்ததில் பாதி.

ஓதகா என்பது நம் வல்லூறுக்கு நெருங்கிய உறவான ஒரு வேட்டைப் பறவை, உருவத்தில் பெரியது. ஓதகா-நோ-மோரி என்றால் 'ஓதகாவின் காடு'. அந்தக் காடு நிலையத்தின் தென்மேற்கே உள்ள இச்சினோயா. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரந்திருந்தது. புதிய நகரத்துக்கான வரைபடம் அதன் மேல் விரிக்கப்பட்டபோது, அங்கே ஓதகா கூடு கட்டியிருப்பது தெரியவந்தது. பகுதி மக்கள் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடினார்கள். திட்டம் திருத்தப்பட்டு, பாதிக் காடு தப்பியது. நிலையத்துக்கு முதலில் வைத்திருந்த தற்காலிகப் பெயர் 'நாகரேயமா புதுநகர்ப்பகுதி' என்பது. யாரை விரட்டவிருந்தார்களோ அந்தப் பறவையின் பெயரே கடைசியில் நிலையத்துக்கு வந்தது.

வெட்டியதை ஈடுகட்ட 2006இல் 'பசுமைச் சங்கிலி' என்ற சான்று முறையை நகராட்சி கொண்டுவந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளும் அடுக்குமாடிகளும் தெருவை ஒட்டி மரங்களும் வேலிச்செடிகளும் வைத்தால் சான்று கிடைக்கும். ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டின் நிழலோடு சேர வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். சான்று பெற்ற தெருக்களில் கோடையில் நடந்திருக்கிறேன். வெயில் வித்தியாசமாகத்தான் இறங்குகிறது. ஆனாலும் வடகரை, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தெருவோர மரங்கள் வரிசையாக நின்றால் அது காடு ஆகாது. ஓதகாவுக்குக் கூடு கட்ட உயர்ந்த மரம் மட்டும் போதாது, வேட்டையாடத் திறந்த வயல்வெளியும் வேண்டும். வயல்வெளி வீட்டுமனையான பிறகு, காட்டின் ஓரத்தில் வேலி போட்டுப் பாதுகாத்தால் பறவைக்குப் பசி தீருமா?

வீடு வாங்குங்கள். வாங்கிய பிறகு அந்தக் காட்டைக் காக்கும் வேலையிலும் சேர்ந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கரிச்சான்:

இலைச்சருகு, உங்கள் முதல் வரி நெஞ்சில் தைத்தது. என் தொடக்கப் பதிவில் காட்டைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அது என் பிழை.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். 2005க்கு முன்பு இங்கே ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் புதிதாகக் குடிவருபவர்களிடம் இருக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிய பழைய நாகரேயமாவுக்குப் போனால் அது கலைந்துவிடும். சமையலில் ஊற்றும் இனிப்பு அரிசி மதுவான மிரின் இருக்கிறதே, அதன் வெண்ணிற வகை இந்த ஊரின் கைவண்ணம். ஆவியில் வேகவைத்த பசையரிசியோடு கோஜி பூஞ்சை ஏற்றிய அரிசியையும் ஷோச்சு மதுவையும் சேர்த்து வாரக்கணக்கில் ஊறவைத்தால் அரிசி தன் இனிப்பைத் தானே விடும், சர்க்கரை போடுவதில்லை. எதோ ஆற்றுப் படகுகளில் அது எதோ நகரத்துக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, போனது. 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் பரிசும் பெற்றது. மிரின் காய்ச்சிய செல்வந்தர்களில் ஒருவர் அகிமோதோ சோஜு, கவிதை மேல் பித்துக் கொண்டவர். ஹைக்கூக் கவிஞர் கோபயாஷி இஸ்ஸா அவர் வீட்டுக்கு ஐம்பது முறைக்கு மேல் வந்து தங்கியிருக்கிறார். இப்போது அந்த இடம் இருவர் பெயரிலும் நினைவில்லம்.

1868இல், ஷோகன் ஆட்சி சரிந்துகொண்டிருந்தபோது, ஷோகன் பக்கம் நின்ற ஷின்செங்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவர் கொந்தோ இசாமி கடைசியாக முகாமிட்டதும் இதே தெருக்களில்தான். வேறு பெயர் சொல்லிச் சரணடைந்தார். அடையாளம் கண்டுகொள்ளப்பட்டு இதபாஷியில் கொல்லப்பட்டார்.

ரயில் பாசம் கொண்ட தண்டவாளத்துக்கு ஒரு செய்தி. உங்கள் சுகுபா எக்ஸ்பிரஸ் வருவதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், ஊர்க்காரர்கள் தாங்களே பங்குப்பணம் போட்டு ஒரு ரயில் ஓட்டினார்கள். மபாஷி முதல் நாகரேயமா வரை 5.7 கிலோமீட்டர், ஆறே நிலையங்கள். ஒரு காலத்தில் மிரின் ஆலைக்குள்ளேயே அதன் கிளைத்தடம் போனது. ரியூதெத்சு என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது, இரண்டே பெட்டிகள். தட்டிவிட்டுப் போகும் அட்டைகள் அங்கே செல்லாது, காகித டிக்கெட்தான். புதிய தடம் வந்தபின் பயணிகள் குறைந்துவிட்டார்கள். அகிஹபாராவுக்கு 25 நிமிடம் என்று நாம் பெருமைப்படும்போதெல்லாம் அந்த இரண்டு பெட்டிகளும் என் கண்ணில் வந்து நிற்கின்றன.

எதிர்க்கரை:

நான் தோக்கியோவின் மறுபக்கத்தில், தாமா நியூ டவுனில் வசிக்கிறேன். இந்த இழையைப் படித்தபோது எங்கள் குடியிருப்பின் முதியவர்கள் சொல்லும் கதையை மீண்டும் கேட்பது போலிருந்தது.

1971இல் இங்கே முதல் குடும்பங்கள் குடிவந்தன. அப்போது அவர்களும் முப்பதுகளில் இருந்தவர்கள்தாம். அவர்களுக்கும் புதிய பள்ளிகள், புதிய பூங்காக்கள், புதிய ரயில். ஒரே வயதுக்காரர்கள் ஒரே காலத்தில் குடியேறினால் ஒரே காலத்தில் முதுமையடைவார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினார்கள், பள்ளிகள் மூடப்பட்டன, மின்தூக்கி இல்லாத ஐந்தாம் மாடிகளில் பெரியவர்கள் தனித்துப் போனார்கள். சுவா என்ற பகுதியில் குடியிருப்பாளர்களே பல ஆண்டுகள் கூடிப் பேசி, 640 வீடுகளை இடித்துவிட்டு 2013இல் 1249 வீடுகளாகக் கட்டினார்கள். இளம் குடும்பங்கள் வந்தன. ஆனால் எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை. கூடுதல் வீடுகளை விற்கும் அளவுக்கு எல்லா இடத்திலும் நிலத்துக்கு விலை இல்லை.

நாகரேயமா இன்று பள்ளிகளைக் கட்டிக்கொண்டே போகிறது. 2015இல் ஓதகா-நோ-மோரியில் ஒன்று, 2021இல் ஓகுரோ-நோ-மோரியில் மரத்தாலான ஒன்று, 2024இல் மட்டும் இரண்டு தொடக்கப் பள்ளிகள். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த வகுப்பறைகளை என்ன செய்யப் போகிறீர்கள்? இதைப் பொறாமையால் கேட்கவில்லை. கட்டும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை என்ற வருத்தத்தில் கேட்கிறேன்.

கரிச்சான்:

எதிர்க்கரை, இரண்டு நாள் உங்கள் கேள்வியோடு இருந்தேன். பிறகு சனிக்கிழமை எதோகவாதாய்க்குப் போனேன்.

தெரியாதவர்களுக்கு: எதோகவாதாயும் நாகரேயமா நகரத்தில்தான் இருக்கிறது. ஓதகா-நோ-மோரியிலிருந்து தோபு தடத்தில் இரண்டாவது நிறுத்தம். அந்த நிலையம் 1958இல் திறந்தது. அதைச் சுற்றிச் சிபா மாகாணத்தின் வீட்டுவசதி அமைப்பு மனைகளை உருவாக்கியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தோக்கியோவில் வேலை செய்தவர்கள் வாங்கிக் குடியேறிய, அகலமான மனைகள் கொண்ட ஊர். அந்தக் காலத்து 'ஓதகா-நோ-மோரி' என்று சொல்லலாம்.

ஒரு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தேன். வேலிச்செடிகள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. சில வீடுகளில் வெட்ட ஆளில்லை. முற்றத்துப் பெர்சிம்மன் மரத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தன் தெருவில் ஒரு காலத்தில் காலை ஏழு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும் என்றார். எல்லா வீட்டு ஆண்களும் ஒரே வண்டியைப் பிடிக்க ஓடுவார்களாம். அவர் பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் எதிர்வீட்டு மனையை இரண்டாகப் பிரித்து விற்றுவிட்டார்கள், இரண்டிலும் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கைகாட்டினார். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது.

தாமாவோடு ஒரு வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுக்குமாடியை மாற்ற உரிமையாளர்களில் பெரும்பாலானோர் ஒன்றாக ஒப்புக்கொள்ள வேண்டும். தனி வீடு ஒவ்வொன்றாகக் கைமாறும். எதோகவாதாய்க்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மெல்ல இரண்டாவது தலைமுறை வருகிறது. ஓதகா-நோ-மோரி நிலையத்தைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் அடுக்குமாடிகள். ஆகவே உங்கள் கேள்வி எங்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. முப்பதுகளில் உள்ளவர்களை அழைப்பதற்கு இவ்வளவு சிந்தித்த நகரம், எண்பதுகளில் உள்ளவர்களுடைய எந்த அரைமணி நேரம் உடைகிறது என்றும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்கள் காலையிலும் மாலையிலும் ஓடுகின்றன. நடுப்பகலில் மருத்துவமனைக்கும் கடைக்கும் போக முடியாமல் எத்தனை பேர் எதோகவாதாயில் வீட்டுக்குள் இருக்கிறார்கள்? நகராட்சியின் கருத்துக்கேட்புக்கு இதை எழுதி அனுப்பப் போகிறேன்.

தண்டவாளம்:

எழுதுங்கள். அதோடு ஒரு வரி சேருங்கள். சுகுபா எக்ஸ்பிரஸ் ஆறு பெட்டிகளோடு காலையில் திணறுகிறது. பெருந்தொற்றுக்கு முன்பே நெரிசல் பெட்டிகளின் கொள்ளளவில் 170 விழுக்காட்டைத் தொட்டது. எட்டுப் பெட்டிகளுக்கு ஏற்ப நடைமேடைகளை நீட்டுகிறார்கள், 2030களின் முற்பகுதிக்குள் முடிக்கத் திட்டம். அதற்குள் இன்னும் எத்தனை அடுக்குமாடிகளுக்கு அனுமதி தருவது என்பதும் உங்கள் நகராட்சி யோசிக்க வேண்டிய கணக்குத்தான்.

வடகரை:

எல்லோருக்கும் நன்றி. வீட்டு முகவர் காட்டாததையெல்லாம் நீங்கள் காட்டிவிட்டீர்கள். வரும் ஞாயிறு குடும்பத்தோடு வருகிறோம். ஒரே நாளில் பழையதும் புதியதும் பார்க்க எந்த வழியில் வரலாம்?

கரிச்சான்:

நிஷி-கசாயிலிருந்து தோசாய் தடத்தில் ஒதேமாச்சி வாருங்கள். அங்கே சியோதா தடத்துக்கு மாறுங்கள். அது ஜோபன் தடத்தோடு இணைந்து ஓடுவதால் பெரும்பாலான வண்டிகள் நேராக மபாஷிக்குக் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து ரியூதெத்சுவில் கடைசி நிலையம் வரை. இறங்கிப் பழைய தெருக்களில் நடந்து, நினைவில்லத்தைப் பார்த்துவிட்டு, நாகரேயமா சென்ட்ரல் பார்க் நிலையம் வரை நடங்கள். பிள்ளைகளோடு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரே நிறுத்தத்தில் ஓதகா-நோ-மோரி. இச்சினோயாக் காட்டின் ஓரத்தில் மதிய உணவு சாப்பிடலாம். பிறகு தோபு தடத்தில் எதோகவாதாய். நேரமிருந்தால் அதற்கும் அடுத்த நிறுத்தமான உங்காவில் இறங்குங்கள். 'உங்கா' என்றால் கால்வாய். டச்சுப் பொறியாளர் முல்தர் வடிவமைத்து 1890இல் திறந்த தோனே கால்வாய் அங்கே இருக்கிறது; தோனே ஆற்றையும் எதோ ஆற்றையும் இணைக்கும் எட்டரைக் கிலோமீட்டர். 1941 வெள்ளத்துக்குப் பிறகு படகுகள் நின்றுவிட்டன. இப்போது இரு கரையும் புல்தான், பிள்ளைகள் ஓடலாம்.

ரியூதெத்சு டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வர மறக்காதீர்கள்.